ஊர் கொண்டாடும் மார்கழி

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சாரலில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டு ஊர்கள் அமைந்துள்ளன. ஒன்று திருவில்லிபுத்தூர், மற்றொன்று இராசபாளையம். முன்னது கோயிலால் பெயர் பெற்றது. பின்னது பஞ்சாலையால் பெயர் பெற்றது. பதினொரு நிலைகளோடு ஓங்கிய வடபத்திரசாயி கோயிலின் கோபுரம், நெடுந்தொலைவில் வருவோர்க்கும் இதுவே வில்லிபுத்தூர் என்று காட்டி நிற்கின்றது. 1936-ஆம் ஆண்டில் தோன்றிய இராசபாளையம் ஆலையும், அதனைத் தொடர்ந்து எழுந்த பல ஆலைகளும், சுற்றுப்புறத்துச் சிற்றூர் மக்களுக்கு நூற்கும் தொழிலைத் தந்து அவ்வூரைப் பேரூராக்கின. இங்ஙனம் இயல்பால் வேறுபட்ட இவ்விரண்டு ஊர்களுக்கும், மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் வைகறை ஒன்றாகிவிடும். மலையினின்றும் பனி இறங்கும். மகளிர் இருள் பிரியுமுன் எழுந்து, வாயிலில் நீர் தெளித்துக் கோலம் இடுவர். கோலத்தின் நடுவே சாண உருண்டை. அதன் மேல் மஞ்சள் நிறப் பூசணிப் பூ. தெருமுனையில் தாளவொலி கேட்கும். சிறுவர் போர்வையை விலக்குவதா, மீண்டும் இழுத்துப் போர்த்திக்கொள்வதா என்று சிறிது நேரம் எண்ணுவர். கோயிலில் கிடைக்கும் சுடச்சுடப் பொங்கலின் நினைவு பெரும்பாலும் போர்வையை வென்றுவிடும்.

குளிர்காலத்தில் விழாக் கொண்டாடுதல் தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. நாள் குறுகி இரவு நீளும் பருவத்தில் விளக்கேற்றிச் சுற்றத்தோடு கூடியிருத்தலை உலகின் பல நாட்டு மக்களும் விரும்பியுள்ளனர். அத்தகைய விழாக்களில் இரண்டு பயன்கள் கலந்துள்ளன. ஒன்று வழிபாடு. மற்றொன்று, முன்னோர் தந்தவற்றை இளையோர் கையில் ஒப்படைத்தல். முதற்பயன் அவரவர் நெஞ்சைப் பொறுத்தது. அதனைப் பற்றிப் பிறர் சொல்ல வேண்டுவது இல்லை. இரண்டாவது பயனோ ஊர் முழுவதற்கும் உரியது. அது நன்கு நடைபெறுகின்றதா, அன்றி நடைபெறுவது போலத் தோன்றுகின்றதா என்று வினவும் உரிமை ஊரார் அனைவர்க்கும் உண்டு.

திருவில்லிபுத்தூரின் மார்கழி ஆண்டாளின் மார்கழி. நந்தவனம் அமைத்து, மலர் பறித்து, மாலை கட்டி இறைவனுக்குச் சூட்டி வந்தவர் பெரியாழ்வார். அவருடைய மகளாய் வளர்ந்தவர் ஆண்டாள். அவர் பாடிய திருப்பாவை 30 பாடல்களால் ஆயது. மார்கழியில் நாளுக்கு ஒன்றாக ஓதப்படுவது. வைணவர் வாழும் இடமெல்லாம் அஃது ஒலிக்கின்றது. திருப்பதி மலையிலும் மார்கழி முழுவதும் சுப்ரபாதத்திற்கு மாறாகத் திருப்பாவையே ஓதப்படுகின்றது. தம் ஊரையே ஆய்ப்பாடியாகவும், தம் தோழியரையே ஆயர் மகளிராகவும், வடபத்திரசாயி கோயிலையே நந்தகோபன் மாளிகையாகவும் பாவித்து ஆண்டாள் நோன்பு நோற்றார் என்று பெரியோர் கூறுவர். பாவனைக்கு வேண்டிய பொருள் எல்லாம் தெருவிலேயே கிடைத்தது என்பது இதன் கருத்து.

இப்பாடல்களில் ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. முதலில் விழித்த பெண், தான் மட்டும் நீராடச் செல்லவில்லை. உறங்கும் தோழியர் இல்லந்தோறும் சென்று எழுப்புகின்றாள். ஒருத்தி பேச்சில் வல்லவள், ஒருத்தி வாயாடி, ஒருத்தி விழித்தும் விழியாதவள் போலக் கிடக்கின்றாள். ஒருவரையும் விட்டுச் செல்ல அவர்களுக்கு மனம் இல்லை. பத்துப் பாடல்கள் இங்ஙனம் எழுப்புவதிலேயே கழிகின்றன. முப்பதில் பத்து என்றால் மூன்றில் ஒரு பகுதி! விரைந்து கோயிலை அடைவதே நோக்கமாயின், இத்துணைப் பாடல்களை வாயிற்படியில் செலவிட வேண்டுவது இல்லை. ஆதலின், கூடிச் செல்லுதல் நோன்பிற்குத் துணைச் செயல் அன்று. நோன்பின் உறுப்பே ஆகும்.

திருவில்லிபுத்தூர்க் கோயிலில் மார்கழிச் சடங்குகள் பல. அவற்றுள் மிக அழகியது பச்சை பரத்தல் என்பது. பகற்பத்துத் தொடங்கும் நாளில், ஆண்டாளும் ரங்கமன்னாரும் பெரியாழ்வாரின் வழிவந்தோர் எனப்படும் வேதப்பிரான் பட்டர் திருமாளிகைக்கு எழுந்தருள்வர். அது மணமகள் தன் பிறந்தகத்திற்கு வருவதை ஒக்கும். மகளும் மருமகனும் வருகின்றனர் என்றால் வீட்டார் வெறுங்கையோடு நிற்பரோ? காய்களும் கனிகளும் கரும்பும் கீரையும் வகைவகையாகப் பரப்பி வைத்து வரவேற்கின்றனர். பொன்னும் மணியும் அங்கே முதன்மை பெறவில்லை. வயலில் விளைந்த பச்சைக் காய்கறிகளே முதன்மை பெறுகின்றன. கத்தரிக்காயும் பூசணியும் சீர்வரிசையாகும் இக்காட்சியைக் காணும் குழவிக்கு, உழவின் பெருமையைத் தனியே ஒரு பாடமாக எடுத்துரைக்க வேண்டுவது இல்லை.

பின்னர் எண்ணெய்க் காப்பும் நீராட்டு விழாவும் திருமுக்குளக் கரையில் நடைபெறும். மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லி. அன்று பாலும் நெய்யும் பெய்த அக்காரவடிசில் படைக்கப்பெறும். நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் அழகருக்குப் படைப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டார் என்பதும், அவர் காலத்திற்குப் பின் வந்த இராமாநுசர் அந்நேர்த்தியை நிறைவேற்றினார் என்பதும், அதன்பின் வில்லிபுத்தூர் சென்ற இராமாநுசரை ஆண்டாள் ‘அண்ணா’ என்று அழைத்தார் என்பதும் வைணவர் போற்றும் வரலாறு. தங்கை சொன்ன சொல்லைத் தமையன் காத்தல் என்னும் குடும்ப முறைமை ஒன்று, நூற்றாண்டுகள் கடந்து ஒரு திருவிழாவாய் நிற்றலை இங்குக் காண்கின்றோர் வியப்பர்.

இனி இராசபாளையத்தை நோக்குவோம் எனின், அங்கே வேறொரு புதுமை உண்டு. அவ்வூர்க்குப் பெயர் தந்த இராசுக்கள் தெலுங்கு மொழி பேசுவோர். விசயநகர, நாயக்கர் ஆட்சிக் காலங்களில் வடக்கேயிருந்து வந்து மலையடிவாரத்தில் குடியேறியவர் அவர். நூற்றாண்டுகள் சென்றபின்னும் இல்லத்தில் தெலுங்கும் வெளியில் தமிழுமாக வாழ்கின்றனர். வந்த நாட்டிற்கும் உரியராய், விட்டு வந்த நாட்டையும் மறவாதவராய் வாழ்தல் எளிதன்று. இவருள் தோன்றிய பூ. ச. குமாரசாமி இராசா, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் விளங்கினார். பின்னர் ஒரிசாவின் ஆளுநராகவும் இருந்தார். வீட்டு மொழி தெலுங்காயினமை அவர் தமிழ் மக்களின் தலைவராதற்குத் தடையாகவில்லை.

தெலுங்கு நாட்டிலும் மார்கழி உண்டு. ஆங்கு அதனைத் தனுர் மாதம் என்பர். கோலத்தின் நடுவே சாண உருண்டை வைத்துப் பூசணிப் பூச் செருகும் வழக்கமும் ஆங்கு உண்டு. அவ்வுருண்டையைக் கொப்பெம்மா என்று அழைத்து, சிறுமியர் அதனைச் சூழ்ந்து பாடுவர். போகி நாளில் இலந்தைப் பழங்களைக் குழந்தைகளின் தலையில் சொரிந்து வாழ்த்துவர். பெயர் வேறு, பூ ஒன்றே. இன்னும் வியப்பாவது, 1509 முதல் 1529 வரை ஆண்ட விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர், ஆமுக்தமால்யதா என்னும் பெருங்காப்பியத்தைத் தெலுங்கில் இயற்றினார். சூடிக் கொடுத்தவள் என்பது அப்பெயரின் பொருள். அதன் தலைவி ஆண்டாள்; அதன் களம் வில்லிபுத்தூர். தமிழ்ப் பெண்ணொருத்தி தெலுங்குக் காப்பியத்தின் தலைவியானாள்! ஆகவே, இம்மரபு இன்னாருக்கே உரியது என்று மொழியையோ குலத்தையோ காட்டி வேலியிட முயல்வோர், கிருட்டிணதேவராயருக்கு விடை கூறியாதல் வேண்டும். மரபு குருதியால் வருவதன்று. ஏற்றுப் பேணும் உழைப்பால் வருவது.

இவ்வுண்மையை மிகக் கடிய முறையில் கற்றவர் அமெரிக்க நாட்டின் ஆப்பிரிக்க வழிவந்த மக்கள். அவருடைய முன்னோர் தாமே விரும்பிக் கடல் கடந்தவர் அல்லர். விலங்கிடப்பட்டுக் கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டு வந்தவர். அவர்தம் மொழி பறிக்கப்பட்டது, பெயர் பறிக்கப்பட்டது, தாயும் சேயும் வெவ்வேறு சந்தையில் விற்கப்பட்டனர். கையில் ஒன்றும் இல்லாத அம்மக்களுக்கும் குளிர்காலம் வந்தது. 1862-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள் இரவு, அவர் பல இடங்களிலும் குடும்பத்தோடு கூடி விழித்திருந்தனர். மறுநாள், 1863 சனவரி முதல் நாள், ஆபிரகாம் லிங்கனின் விடுதலை அறிக்கை நடைமுறைக்கு வரவிருந்தது. அவ்விரவின் நினைவாக ஆண்டின் இறுதி இரவில் விழித்திருந்து வழிபடும் வழக்கம் அவர்தம் ஆலயங்களில் இன்றும் உள்ளது. விடியலுக்காக விழித்திருத்தல் என்பதன் பொருளை அவரினும் நன்கு அறிந்தவர் யாவர்?

அடுத்து நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. 1965-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் லாசு ஏஞ்சல்சு நகரின் வாட்சு என்னும் பகுதியில் பெருங்கலகம் மூண்டது. அதன் மறு ஆண்டு, 1966-இல், மௌலானா கரெங்கா என்பவர் அந்நகரில் குவான்சா என்னும் விழாவைத் தொடங்கினார். முதற்கனிகள் என்று பொருள்படும் சுவாகிலி மொழித் தொடரிலிருந்து அப்பெயர் பிறந்தது. திசம்பர் 26 முதல் சனவரி 1 வரை ஏழு நாள்கள் அவ்விழா நடைபெறும். ஏழு நாள்களும் மார்கழிக்குள்ளேயே அடங்குதல் ஓர் இனிய உடனிகழ்ச்சி. ஒற்றுமை, தன் வாழ்வைத் தானே வகுத்தல், கூடி உழைத்தல், கூட்டுறவு வாணிகம், குறிக்கோள், படைப்புத் திறன், நம்பிக்கை என்னும் ஏழு நெறிகளுக்கு நாளுக்கு ஒன்றாக விளக்கு ஏற்றுவர். நடுவில் கறுப்பு மெழுகுவத்தி ஒன்று. இருபுறமும் சிவப்பு மூன்று, பச்சை மூன்று. தரையிலோ மேசையிலோ பாய் விரித்து, அதன்மேல் விளைபொருள்களைப் பரப்பி வைப்பர். வில்லிபுத்தூரில் பச்சை பரத்தலைக் கண்டவர்க்கு இக்காட்சி அயலதாய்த் தோன்றாது.

அப்பாயின் மேல் மக்காச்சோளக் கதிர்கள் வைப்பர். வீட்டில் எத்தனை குழந்தைகளோ அத்தனை கதிர்கள். விழாவின் பெயரிலும் குழந்தைகளுக்கு ஒரு பங்கு உண்டு. முதல் விழாவில் ஆளுக்கோர் எழுத்தை ஏந்தி நிற்க ஏழு குழந்தைகள் விரும்பினர் என்றும், பெயரில் ஆறு எழுத்துகளே இருந்தமையின் ஏழாவது குழந்தைக்காக ஈற்றில் ஓர் எழுத்து மிகுத்துச் சேர்க்கப்பட்டது என்றும் கூறுவர். ஒரு குழந்தை ஏமாறாமை பொருட்டுச் சொல்லின் எழுத்தையே மாற்றிய இச்செயலை இலக்கண நூலார் ஏற்பரோ, அறியோம் என்று கைவிரிப்பரோ தெரியாது. ஆனால் விழா நடத்துவோர் ஒவ்வொருவரும் இதனை நெஞ்சில் எழுதிக்கொள்ளல் தகும்.

வீட்டில் தொடங்கிய அவ்விழா நாளடைவில் நகரின் விழாவாயிற்று. அருங்காட்சியகங்களும் நூலகங்களும் அதற்கு இடம் தந்தன. நியூயார்க்கு நகரத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் குடும்பத்தோடு வருவோர்க்காக அது கொண்டாடப்பட்டுள்ளது. 1997-இல் அமெரிக்க அஞ்சல் துறை அதற்கு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. டெட்ராயிட்டு நகரின் நடுவே 2022-ஆம் ஆண்டில் 30 அடி உயரமுள்ள விளக்குத்தண்டு நிறுத்தப்பட்டது. பாட்டும் முரசும் கதையும் கைவினையும் அத்தகைய கூட்டங்களில் இடம்பெறும். மெழுகுவத்தி ஏற்றும் பணி பெரும்பாலும் சிறியோர் கையில் விடப்படும்.

‘இது முன்னோர் கொண்டாடிய விழா அன்றே, ஒருவர் உட்கார்ந்து எண்ணி ஆக்கியது தானே’ என்று சிலர் குறைகூறினர். அக்குறையில் வலிமை இல்லை. எல்லா விழாவும் ஏதோ ஓர் ஆண்டில் முதன்முதல் கொண்டாடப்பட்டதே. பறிகொடுத்தவர் புதிதாக ஆக்கிக்கொள்ளுதல் இழிவன்று. வேறொரு குறை உண்டு. அதற்கு வலிமையும் உண்டு. விழா புகழ் பெற்றவுடன் வணிகர் வருவர். வாழ்த்துமடல் முதலாகக் கடையில் வாங்கும் பொருள்கள் வந்து குவியும். கையால் செய்தல் மறைந்து காசால் வாங்குதல் மிகும். இது குவான்சாவிற்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று.

கடல் கடந்த தமிழரும் குளிர்காலத்தையே தம் மரபின் காலமாகக் கொண்டுள்ளனர். கனடா நாட்டின் மக்களவை, 2016-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. தைப்பொங்கல் சனவரியில் வருதலே இதற்குக் காரணம். இலங்கையில் நிகழ்ந்த போரினால் வீடிழந்து சென்றோர் பலர் அந்நாட்டில் வாழ்கின்றனர். வெளியே முழங்காலளவு பனி கிடக்க, மண்டபத்தின் உள்ளே கோலமிட்டுப் பொங்கல் விழா எடுக்கின்றனர். அவர்தம் மக்கள் கரும்பைக் கடையில் கண்டிருப்பர், வயலில் கண்டிலர். அவர்க்கு ஒவ்வொன்றும் கற்பித்தாலன்றி வாராது. ஆகவே கற்பிக்கின்றனர்.

இராசபாளையத்துக் குழந்தைக்கோ வயலும் உண்டு, மலையும் உண்டு, கோலமும் உண்டு, வண்டி ஏறினால் அரைமணி நேரத்தில் ஆண்டாள் கோயிலும் உண்டு. எல்லாம் இருத்தலாலேயே எதனையும் கற்பிக்க வேண்டுவது இல்லை என்னும் எண்ணம் பெரியோரிடத்து வளர்ந்துவிட்டது. இதுவே இவ்விரண்டு ஊர்களின் இடர். அயல்நாட்டில் மரபு அழியும் என்னும் அச்சம் மக்களைக் காக்கின்றது. சொந்த ஊரில் அவ்வச்சம் இன்மையால் மரபு ஒசையின்றி நழுவுகின்றது.

நழுவும் வகையைக் காண்பது அரிதன்று. முன்பு தெருவிற் பாடிச் சென்ற சிறுவர் குரலின் இடத்தை ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டது. அது நன்றாகவே பாடுகின்றது. ஆனால் கேட்பவர் வாய் திறக்க வேண்டுவது இல்லை. அரிசிமாக் கோலத்தின் இடத்தில் ஒட்டுத்தாள் கோலம் வந்தது; அதனை எறும்பும் தின்னாது. பாடல் ஒப்பித்தற் போட்டிகள் உண்டு. அவை நல்லனவே. ஆயினும், பரிசு பெற்ற மூவர் மேடையில் நிற்க, ஏனையோர் கீழே அமர்ந்து கைதட்டுகின்றனர். தோழியர் அனைவரையும் எழுப்பி உடன் அழைத்துச் சென்ற பாடலை, மற்றவரை வெல்லும் பொருட்டு மனப்பாடம் செய்தல் முரணாக இல்லையா? பெற்றோரோ தம் மகள் பாடுவதைக் கைப்பேசியிற் படம் பிடிப்பதில் ஆழ்ந்து, பாடலைக் கேளாது போகின்றனர். இங்ஙனம் ஊரார் அனைவரும் காண்போர் ஆயினர், செய்வோர் சிலராயினர். காண்பதற்கு மட்டும் வரும் வெளியூரார் கோபுரத்தைக் கண்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வாங்கிக்கொண்டு திரும்புவர். அவர்க்கு அது போதும். உள்ளூர்க் குழந்தையும் அவ்வளவோடு திரும்பலாகுமோ?

ஆலைத் தொழிலாளர் நிலையும் எண்ணத்தக்கது. இரவு முறையில் பணி செய்து வைகறையில் வீடு திரும்பும் தாய், மார்கழிக் கோலத்தை எப்பொழுது இடுவாள்? இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்குரிய கட்டுத்துணி நெய்வோர் குடும்பங்களிலும் தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். விழாவின் நேரத்தை வைகறை ஒன்றற்கே வரையறுத்துவிட்டால் இவர்தம் குழந்தைகளுக்கு மரபில் பங்கு இல்லை என்று சொல்லாமற் சொல்லுதல் ஆகும். வழிபாட்டு நேரம் கோயிலுக்கு உரியது. அதனை மாற்றுதல் இயலாது. ஆயின், ஊர் எடுக்கும் விழாவை மாலையில் எடுத்தற்குத் தடை என்ன?

நேரத்தினும் பெரிய தடை ஒன்று உண்டு. அது தெரு. பாடிச் செல்லும் கூட்டம் எந்தத் தெருக்களின் வழியே செல்கின்றது, எந்தத் தெருவின் முனையில் திரும்பிவிடுகின்றது என்று காண்டல் வேண்டும். 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில், கோயிலுக்குள் விடப்படாதிருந்த மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் புகுந்தனர். அவ்வாண்டே அதற்குச் சட்டப் பாதுகாப்பும் கிட்டியது. கோயிற் கதவைச் சட்டம் திறந்தது. தெருவிற்கோ கதவு இல்லை. ஆதலின் அதனைச் சட்டத்தால் திறத்தலும் எளிதன்று.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியாவிற்கு வந்தார். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பயணம் செய்தார். கேரளத்தில், தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் பயிலும் பள்ளி ஒன்றிற்குச் சென்றபோது, அமெரிக்காவிலிருந்து வந்துள்ள மற்றொரு தீண்டாதார் என்று அப்பள்ளியின் தலைவர் அவரை மாணவர்க்கு அறிமுகம் செய்தார். அச்சொல் கேட்டுக் கிங் முதலில் உள்ளம் நொந்தார். பின்னர்த் தம் நாட்டில் தம் மக்கள் வாழும் நிலையை எண்ணிப் பார்த்து, அச்சொல் பொருந்துவதே என உணர்ந்தார். இதனை 1965-இல் அவரே தம் சொற்பொழிவில் எடுத்துரைத்தார். குவான்சாவைக் கொண்டாடும் மக்கள் யாவர் என்று வினவும் வில்லிபுத்தூர் மாணவன், விடையைத் தேடி அமெரிக்கா வரை செல்ல வேண்டுவது இல்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டும். விழாவினின்றும் விலக்கப்பட்டவர் தமக்கென விழா ஒன்றை ஆக்கிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுதல், அவர்க்குப் பெருமை; தள்ளியவர்க்குப் பெருமை அன்று.

இங்கு ஓர் ஐயம் எழலாம். மார்கழி விழா வைணவர்க்கும் சைவர்க்கும் உரியது; கிறித்தவரும் இசுலாமியரும் வாழும் ஊரில் அதனை ஊர் விழா என்பது எங்ஙனம் பொருந்தும்? ஐயம் நேரியதே, அதனைத் தட்டிக்கழித்தல் முறையன்று. வழிபாட்டில் பிறரை வலிந்து சேர்த்தல் ஆகாது. ஆனால், பனிக்காலத்து வைகறை எல்லார்க்கும் பொது. கிறித்துமசு மார்கழிக்குள் வருகின்றது. அன்று வாயிலில் விண்மீன் விளக்குத் தொங்கவிடும் வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் தட்டில் பலகாரம் போய் வருதல் பழைய வழக்கம். திருப்பாவை வைணவர்க்கு மறை; தமிழ் பயிலும் ஏனையோர்க்கு அஃது இலக்கியம். அறுவடை உழுதவர் அனைவர்க்கும் உரியது. உண்பவர் அனைவர்க்கும் உரியது. கூடுதல், பாடுதல், பகிர்ந்துண்ணுதல், பெரியோர் சொல்லக் கேட்டல் என்பவற்றுள் எதற்குச் சமயத் தடை உண்டு? குவான்சாவும் ஒரு சமயத்தைச் சார்ந்தது அன்று. கிறித்தவ வீட்டார் கிறித்துமசையும் கொண்டாடி, மறுநாள் தொடங்கும் அதனையும் கொண்டாடுகின்றனர். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடவில்லை.

இடத்திற்கும் குறை இல்லை. குமாரசாமி இராசா தாம் வாழ்ந்த இல்லத்தையே ஊருக்கு வழங்கினார். அது காந்தி கலை மன்றம் ஆயிற்று. மாளிகையை மக்களுக்கு விடுத்தல் மாண்புடைச் செயல். அத்தகைய பொது இடங்களும், பள்ளி முற்றங்களும், நகராட்சித் திடல்களும் குளிர்கால மாலைகளில் குழந்தைகளுக்குத் திறந்திருத்தல் வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. மேடையும் கூடாது, மேடை எழுப்பினால் அதன்மேல் அமரப் பெரியோர் வருவர், அவர் பேசுவர், குழந்தைகள் கொட்டாவி விடுவர். தரையே போதும். ஒருபுறம் மாக்கோலம், ஒருபுறம் மாலை கட்டுதல். ஆண்டாளின் திருக்கையில் நாள்தோறும் புதிதாக அமையும் கிளி, இலையாலும் பூவாலும் ஆயது. மாதுளம்பூ அதன் அலகு. அத்திருப்பணி அதற்கு உரியோரையே சாரும். ஆயின், இலையும் பூவும் மடித்துக் கிளி செய்யலாம் என்று அறிந்த குழந்தை, கடையில் விற்கும் நெகிழிக் கிளியைக் கண்டு மயங்காது.

தெலுங்கு வீட்டுப் பாட்டி கொப்பெம்மாப் பாட்டைத் தன் மொழியிலேயே பாடுக. பேரப்பிள்ளைகள் பொருளறியாது விழித்தால், தமிழில் சொல்லித் தருக. சத்திரப்பட்டி நெசவாளி தறியின் வரலாற்றைக் கூறுக. ஆலையில் பணி செய்து ஓய்ந்த முதியவர், சங்கொலி கேட்டு ஊர் எழுந்த காலத்தைக் கூறுக. தெருவிற்கு ஒரு காயென வந்து, பாயின்மேல் பச்சை பரத்துக. எந்தத் தெருவின் காய் வரவில்லை என்று எண்ணிப் பார்த்து, அத்தெருவிற்குச் சிறுவர் நால்வர் சென்று அழைத்து வருக. தோழியை எழுப்பச் சென்றவர் வாயிலில் நின்றபடி எத்துணை நேரம் காத்திருந்தனர் என்பது திருப்பாவை பயின்ற சிறுவர்க்குத் தெரியும்.

செலவு மிகுதி என்று எவரும் கூறமுடியாது. கோலத்திற்கு அரிசிமா, மாலைக்கு நார், அமர்வதற்குப் பாய், அடுப்பிற்கு விறகு, பானையில் இடுவதற்கு வெல்லமும் அரிசியும். திசம்பர் இறுதியில் அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் விடுமுறை விடுகின்றன. கூடாரவல்லி சனவரி 11-ஆம் நாளையொட்டி வருகின்றது. இடையிலுள்ள மாலைகளில் சிறுவர் பலர் வேலையின்றித் தெருவிலும் கைப்பேசியிலும் பொழுது போக்குவர். அவர்களுள் யார் கோலத்திற்குப் புள்ளி வைப்பது, யார் நார் கிழிப்பது, யார் அடுத்த தெருவிற்குச் செல்வது என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.